தொட்டியடியில் இறக்கிய குழாய்

கிளிநொச்சிச் சந்தையிலிருந்து ஒன்றரை மைல் தள்ளி அந்த அரிசி ஆலை இருந்தது. தெருவிலிருந்து ஆலைக்கு மின்சாரம் கொண்டுவந்த கம்பங்கள் பதினொன்று. பதினொன்றும் வெட்டவெளி வயலுக்குள் நின்றன. ஐப்பசியில் இடி முழங்கத் தொடங்கினால் நான் அந்தக் கம்பங்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஆலை என்னுடையதல்ல. அதன் மின்வேலைகளைப் பார்த்தவன் நான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம் மின்னலில் மோட்டர் எரிந்து ஆலை இருபத்துமூன்று நாள் நின்றுபோனது. முதலாளி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குளத்துத் தண்ணீரில் வயல் செய்து முன்னேறியவர்.

"தம்பி, இன்னொருக்கா எரிஞ்சுதெண்டால் நான் இந்தக் கதிரையிலேயே செத்துப்போவன். ஏதாவது செய்யும்" என்றார், நாற்காலிக் கையைத் தட்டியபடி.

கொழும்பிலிருந்து மின்னல் தடுப்பான்கள் மூன்று எடுப்பித்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும் பீங்கான் உருளைகள். அவற்றை, மின்சாரம் ஆலைக்குள் வந்து சேரும் பலகையான மெயின் போட்டுக்குள், கம்பிக்கு ஒன்றாகப் பூட்டினேன். வழமையான மின்சாரத்தை அவை கண்டுகொள்ளா. மின்னல் கம்பி வழியாக வந்தால் மட்டும் அதை மண்ணுக்குத் திருப்பிவிடும். அதற்கு எட்டடி இரும்புக் குழாய் ஒன்றை நிலத்தில் இறக்கி, செப்புக் கம்பியால் போட்டோடு இணைக்க வேண்டும். மண் ஈரமாக இருந்தால்தான் மின்னல் இலகுவாக இறங்கும். மண்ணின் தடையைக் கைபிடி சுழற்றி அளக்கும் பெட்டி ஒன்று என்னிடம் இருந்தது. பத்து ஓமுக்குக் கீழே காட்டினால் நல்லது.

போட் இருந்த சுவரடியில் இறக்கிப் பார்த்தேன். செம்மண்ணும் சரளையும். முப்பத்தெட்டுக் காட்டியது. உப்பும் கரியும் போட்டு ஆறு வாளி தண்ணீர் ஊற்றினேன். இருபத்தொன்பது. குழாயைப் பிடுங்கிக்கொண்டு வளவைச் சுற்றி வந்தேன். நெல் ஊறவைக்கும் தொட்டியின் கழிவுநீர் ஓடும் இடத்தில் மண் வருடம் முழுக்கச் சேறாகவே கிடந்தது. அங்கே இறக்கினேன். நான்கு! நம்பாமல் மூன்று தரம் அளந்தேன். மூன்று தரமும் நான்குதான். போட்டிலிருந்து செப்புக் கம்பியை அதுவரை இழுத்துப் பூட்டினேன்.

தொட்டியில் வேலை செய்தவர்கள் நான்கு பெண்கள். அவர்களில் ஒருத்தி, மலைநாட்டிலிருந்து குடும்பத்தோடு வந்து தர்மபுரத்தில் காடு வெட்டிக் குடியேறியவள், நிலத்துக்கு மேலே ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்த குழாயைப் பார்த்துச் சொன்னாள்:

"ஐயா மாடு கட்டக் கட்டை அடிச்சிட்டாரு. மாட்டைத்தான் காணோம்."

"நம்மளத்தான் கட்டப்போறாங்க போல" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தொழில் படித்த காலத்தில் என் புத்தகத்தில் ஒரு பந்தி இருந்தது. குழாய் இறக்கிய இடத்தில் மின்னல் இறங்கும் கணத்தில் சுற்றியுள்ள மண்ணிலும் மின்சாரம் பரவும். அங்கே மனிதரோ மாடோ நிற்கக்கூடாது, வேலி அடைக்க வேண்டும். அந்தப் பந்திக்குக் கீழே பென்சிலால் கோடிட்டவன் நான். நான்கு என்ற இலக்கத்தைக் கண்ட சந்தோசத்தில் அது என் நினைவுக்கு வரவில்லை. தொட்டியைத் திறந்து தண்ணீரை விடும்போது அந்தப் பெண்கள் வெறுங்காலோடு அந்தச் சேற்றில்தான் நிற்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் கண்டிருக்கிறேன்.

அடுத்த ஐப்பசியில் ஒரு பின்னேரம் வானம் இருண்டது. நான் போட்டுக்கு முன்னால் நின்று, மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பது. ஆறு. இரண்டு. பிறகு எண்ணுவதற்கு இடமே இருக்கவில்லை. போட்டுக்குள் சவுக்கு வீசியதுபோல ஒரு சத்தம். விளக்குகள் மங்கி மீண்டும் எரிந்தன. மோட்டர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

முதலாளி ஓடிவந்து என் இரண்டு தோள்களையும் பிடித்தார். "தப்பீட்டுது! தம்பி, தப்பீட்டுது!"

அப்போதுதான் தொட்டிப் பக்கம் கூக்குரல் கேட்டது.

தர்மபுரத்துப் பெண் சேற்றில் குப்புறக் கிடந்தாள். மழைக்கு முன் தண்ணீரை விட்டுவிடலாமென்று மற்றவர்கள் ஒதுங்கியிருந்த கொட்டிலைவிட்டு அவள் மட்டும் வெளியே வந்திருக்கிறாள். தூக்கி இருத்தினோம். கண் திறந்தாள். வலது காலில் உணர்வில்லை என்றாள்.

"சேத்திலை வழுக்கிப்போட்டாள், பாவம்" என்றார் முதலாளி. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கேயும் வழுக்கினது என்றே சொல்லப்பட்டது. வண்டி போனதும் நான் தொட்டியடிக்குத் திரும்பி வந்து சேற்றில் பதிந்திருந்த அவளுடைய காலடியிலிருந்து குழாய்வரை அளந்தேன். இரண்டரை அடி.

எட்டு நாள் போகாமல் இழுத்தடித்தேன். ஒன்பதாம் நாள் தர்மபுரத்துக்குப் போனேன். வாசலில் பாயில் காலை நீட்டி இருந்தாள். உணர்வு முழங்கால்வரை திரும்பியிருந்தது. பாதம் இன்னும் தொங்கியது. நான் நடந்ததைச் சொன்னேன். குழாயை இறக்கிய இடம் பிழை, அது என்னுடைய பிழை என்றும் சொன்னேன்.

அவள் தொங்கிய பாதத்தை இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்தாள்.

"இது நல்லாயிருமா, ஐயா?"

"தெரியாது."

"முதலாளிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லை. நாளைக்குச் சொல்லப்போறன்."

"சொல்லிராதீங்க." குரல் தாழ்ந்தது. "வழுக்கி விழுந்தவள்னா கால் ஆறினதும் கூப்பிடுவாரு. கரண்டு அடிச்சவள்னா வேலைக்கு ஆக மாட்டாள்னு விட்டுருவாரு. எனக்கு மூணு புள்ளைங்க. நீங்க அந்தக் கட்டையை மட்டும் புடுங்கிப் போட்டுருங்க. மத்தவளுங்க நிப்பாளுங்க அங்க."

வரும் வழியில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முதலாளி குழாயைத் தொட விடவில்லை. "மோட்டரைக் காப்பாத்தின சாமானிலை ஏன் கை வைக்கிறீர்?" என்றார். கழிவுநீரில் குழாய் ஒரு வருடத்துக்குள் துருப்பிடித்து உக்கிவிடும் என்று பொய் சொன்னேன். அதற்குத்தான் சம்மதித்தார். ஆலைக்குப் பின்னால், ஆள் போகாத மூலையில் இரண்டு குழாய்களை இறக்கி, சுற்றிவர முட்கம்பி அடைத்தேன். பன்னிரண்டு காட்டியது. போதும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மாதத்தில் அவள் வேலைக்கு வந்தாள். வலது பாதத்தை இழுத்து இழுத்து நடந்தாள். தொட்டி வேலை முடியாததால் முதலாளி அவளைக் கொட்டிலில் இருத்திச் சுளகால் குறுநொய் புடைக்க விட்டார். பெரிய மனம் என்று ஊரில் சொன்னார்கள்.

ஒருநாள் ஓமந்தையிலிருந்து ஓர் ஆலைக்காரர் வந்தார். தன்னுடைய மெயின் போட்டுக்கும் இந்தத் தடுப்பான்களைப் பூட்ட வேண்டுமாம். முதலாளி என்னைக் காட்டி, "இவர்தான் போட்டவர். இடி நேரை விழுந்தது, ஒரு சேதமுமில்லை" என்றார். நாங்கள் நின்ற இடத்திலிருந்து ஐந்தாறு அடியில் அவள் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆக்களுக்கு ஒண்டும் ஆகாதோ?" என்று வந்தவர் கேட்டார்.

"ஆக்களின்ரை கால் படாத இடத்திலை குழாய் இறக்கினால் ஒண்டும் ஆகாது" என்றேன் நான்.

"பட்டால்?"

சுளகுச் சத்தம் நின்றது. முதலாளி என்னைப் பார்த்தார். நான் அவள் பக்கம் பார்க்கவில்லை.

"நான் வந்து இடம் பாத்துத்தான் இறக்குவன்" என்றேன்.

சற்று நேரம் கழித்து அவள் மறுபடியும் புடைக்கத் தொடங்கினாள்.