காலிப் பெட்டிக்கு ஐந்து நாள் காவல்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. எழுதினால் ஒரு வரி மேலே ஏறும், அடுத்தது கீழே இறங்கும். அதோடு மறதி வேறு. அடுப்பில் வைத்ததை வாசனை வந்து சொன்னால்தான் உண்டு. இப்போது சொல்லப்போவதும் அப்படித்தான். நான் செய்த ஒரு காரியத்தை நானே மறந்துவிட்டு, அடுத்தவரிடம் வீரம் காட்டிய கதை.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். ஷூவின் மேல்தோலை ஓரம் சீவி மெலிசாக்கித் தர வேண்டும். அப்போதுதான் மடித்துத் தைக்க வரும். அதற்கென்று ஒரு கத்தி உண்டு. வேலையை விட்டு நின்றபோது அந்தக் கத்தியை எடுத்து வந்தேன். கேட்டுத்தான் எடுத்தேன், கேட்பதற்கு மூன்று நாள் ஆயிற்று, அவ்வளவுதான். சூப்பர்வைசர் முன்னால் போய் நிற்பேன். "இன்னாம்மா?" என்பார். "ஒண்ணும் இல்ல சார்" என்று திரும்பிவிடுவேன். மூன்றாவது நாள் பக்கத்து மெஷினில் இருந்த பாயம்மாதான் எனக்காகக் கேட்டு வாங்கிக் கொடுத்தாள். அவள் இப்போது எங்கள் எதிர்வீடு. இன்றைக்கும் எனக்குப் பேச வேண்டியதில் பாதியை அவள்தான் பேசுகிறாள்.

அந்தக் கத்தியால் வீட்டில் செய்யாத வேலை இல்லை. தேங்காய் கீறுவேன், பால் கவர் வெட்டுவேன், ஃபிரிட்ஜில் ஐஸ் சுரண்டுவேன்.

எங்கள் ஃபிரிட்ஜ், மகன் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கியது. இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது. அந்தக் காலத்து ஃபிரிட்ஜில் மேலே இருக்கிற ஐஸ் பெட்டிக்குள் பனி கட்டிக்கொண்டே போகும். அணைத்துவிட்டுத் தானாகக் கரையும் வரை பொறுத்திருக்க வேண்டும். தோல் சீவிய கை பொறுக்குமா? போன கோடையில் ஒரு மத்தியானம் கத்தியைக் கொடுத்து ஓரத்தைச் சீவினேன். பாளமாகப் பெயர்ந்து வந்தது. கூடவே ஸ்ஸ் என்று ஒரு சத்தம். விரலில் எண்ணெய் மாதிரி பிசுக்கு. பார்த்தால் தகட்டில் அரிசி நீளத்துக்கு ஒரு கீறல்.

கீறல் விழுந்தால் நாங்கள் என்ன செய்வோம்? ஒட்டுப் போடுவோம். செருப்பு ஒட்டுவதற்கு வைத்திருந்த சொல்யூஷனைத் தடவி, நகம் அளவுக்கு ஒரு பழுப்புத் தோல் துண்டை ஓரம் சீவி அழகாக ஒட்டினேன். அதற்குள் சத்தம் தானாகவே குறைந்து நின்றுவிட்டது. என் கைவேலையால்தான் நின்றது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாயங்காலம் பால் திரிந்தது. நம் பக்கத்து வெயிலுக்குத் திரியாமல் என்ன செய்யும் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து மகன் திறந்து பார்த்துவிட்டு, "மோட்டார் ஓடுது, குளிர மாட்டேங்குது. இதுக்கு ஆயுசு முடிஞ்சிடுச்சும்மா" என்றான். "ஆமாம்ப்பா, அதுக்கும் வயசாயிடுச்சு" என்றேன். கீறலைச் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. அதுவும் இதுவும் ஒன்று என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மகன் புதிதாக ஒன்று வாங்கினான். அதைப் பொருத்திக் கொடுக்க வந்த மெக்கானிக், மூலையில் நின்ற பழையதன் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதிலிருந்த தகட்டைப் படித்தார்.

"ஆயா, இத காயலான் கடைக்குப் போடப் போறீங்களா?"

தலையாட்டினேன்.

"இதுல அந்தக் காலத்து கேஸு இருக்கு. ஆர் பன்னெண்டுன்னு போட்டிருக்கு பாருங்க. ஓசோன்ல ஓட்டை போடுற கேஸு. இப்ப வர்ற ஃபிரிட்ஜுல இது கிடையாது, நிறுத்திட்டாங்க."

ஓசோன் ஓட்டையைப் பற்றி டிவியில் கேட்டிருக்கிறேன். வேலூரில் வெயில் இப்படிக் கொளுத்துவதே அந்த ஓட்டை வழியாகத்தான் என்று பஸ்ஸில் ஒருத்தி அடித்துச் சொன்னாள். நானும் அதை நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். மெல்ல அவரிடமும் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"சூடு வேற ஆயா. வெயில்ல கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிரு இருக்கு. அது ஜாஸ்தியா பட்டா தோல்ல புத்துநோய் வரும், கண்ணுல புரை வரும். அத வடிகட்டி அனுப்புறதுதான் ஓசோன்."

எனக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. ஆகவே விஷயம் சட்டென்று புரிந்தது.

"காயலான் கடைக்காரன் வந்தா மொதல்ல பைப்பத்தான் வெட்டுவான், காப்பருக்காக" என்றார் மெக்கானிக். "வெட்டினா மொத்தமும் காத்துல போயிடும். ஞாயித்துக்கிழமை நான் மெஷின் எடுத்தாறேன், சிலிண்டர்ல புடிச்சிக்கலாம். அதுவரைக்கும் யாரையும் தொட விடாதீங்க."

ஃபிரிட்ஜின் பின்னால் அடியில் ஒரு கறுப்பு உருண்டை இருக்கும் அல்லவா, அதைக் காட்டி "கேஸு இதுலயா?" என்று கேட்டேன். அவர் போனில் யாரிடமோ பேசியபடியே தலையாட்டினார். சமையல் சிலிண்டர் மாதிரி எல்லாம் அந்த உருண்டைக்குள் அடைத்து வைத்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. ஞாயிறு வரை ஐந்து நாள். என் ஆயுசில் யாரும் என்னை நம்பி இவ்வளவு பெரிய பொறுப்பைக் கொடுத்ததில்லை. உருண்டைக்கு மேலே பழைய புடவையைப் போர்த்தி வைத்தேன். பெருக்கும்போது துடைப்பம் படாமல் ஒதுங்கிப் பெருக்கினேன். மார்க்கெட்டுக்குக்கூடப் போகவில்லை, பாயம்மாதான் காய் வாங்கி வந்தாள். "இன்னாக்கா, ஃபிரிட்ஜு முழுகாம இருக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை காயலான் கடைக்காரர் வந்துவிட்டார். மகன் ஆள் சொல்லி அனுப்பியிருந்தான், ஞாயிற்றுக்கிழமை என்று சொல்ல மறந்திருக்கிறான். மறதி அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டாம். அவர் நேராக ஃபிரிட்ஜைத் திருப்பி, இடுப்பிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தார்.

நான் என்ன செய்தேன் என்று இன்றைக்கும் நம்ப முடியவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு, உருண்டைக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டேன்.

"எழுந்திரு ஆயா."

"முடியாது." முக்காலியை இன்னும் பின்னால் தள்ளிக்கொண்டேன். மறுபடியும் சொன்னேன். "முடியாதுப்பா. உள்ள கேஸு இருக்குது. மேல போய் ஓசோன ஓட்டை போட்டுடும்."

"யாரு சொன்னது? காத்தவிட கனம் ஆயா அந்த கேஸு. வுட்டா தரையில படுத்துக்கும், சாக்கடையோட போயிடும். மேல ஏற அதுக்கு இன்னா ஏணியா வெச்சிருக்கு?"

கனமானது கீழேதானே விழும்? எழுந்துவிடலாம் என்று முக்காலியைப் பிடித்துவிட்டேன். அப்போதுதான் கம்பெனியில் தோலைத் தேய்த்து வழுவழுப்பாக்கும் பஃபிங் ரூம் ஞாபகம் வந்தது. முந்தாநாள் சாப்பிட்டது மறந்துபோகும் எனக்கு அது எப்படி வந்ததோ.

"பஃபிங் ரூம்ல தோல் தூசி பறக்குமே, அது காத்தவிட கனம்தானே?"

"ஆமா. அதுக்கு?"

"அது ஃபேன் றெக்கை மேல படிஞ்சிருக்கும். அத யாரு ஏணி வெச்சு ஏத்துனது?"

சத்தம் கேட்டு வாசலில் வந்து நின்ற பாயம்மா பிடித்துக்கொண்டாள். "விரல் தடிமன் இருக்கும். வாரா வாரம் நான்தான் தொடச்சேன். எங்கக்கா வாயத் திறந்து கேட்டிருக்குது, பதில் சொல்லு."

அவர் என்னைப் பார்த்தார், பாயம்மாவைப் பார்த்தார். "பெரிய பேஜாரா போச்சு. ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்று பிளேயரை இடுப்பில் சொருகிக்கொண்டு போய்விட்டார். அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் முக்காலியை விட்டு எழுந்தேன்.

ஞாயிறு காலை மெக்கானிக் மெஷினோடு வந்தார். பின்னாலேயே காயலான் கடைக்காரரும் வந்து கைகட்டி நின்றார். பாயம்மா நடந்ததையெல்லாம் ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னாள்.

"ஆயா சொன்னது சரிதான்" என்றார் மெக்கானிக். "காத்து கலக்கிக்கிட்டே இருக்கும், கனம் இன்னா, லேசு இன்னா. இந்த கேஸு மழையில கரையாது, எதோடயும் சேராது. அதனால சுத்திச் சுத்தி மேல போயிடும். அங்க வெயிலோட கதிரு பட்டு ஒடையும். உள்ள இருக்கிற குளோரின் வெளிய வந்து ஓசோனத் தின்னும். ஒண்ணு தின்னுட்டு நிக்காது, தின்னுக்கிட்டே இருக்கும்."

என் முகத்தில் அப்போது இருந்த பெருமையை யாரும் போட்டோ எடுக்காதது நல்லதாயிற்று.

அவர் பைப்பில் எதையோ மாட்டி மீட்டரைப் பார்த்தார். தட்டினார். முள் அசையவில்லை. "காலியா இருக்கே!" என்றார். பின்பக்கம் முழுவதும் தடவிப் பார்த்துவிட்டு, முன்னால் வந்து ஐஸ் பெட்டியைத் திறந்தார். டார்ச் அடித்தார்.

"ஆயா, இன்னா இது?"

நான் எட்டிப் பார்த்தேன். என் பழுப்புத் தோல் துண்டு. ஓரம் இன்னும் பிரியவில்லை, அவ்வளவு நல்ல வேலை.

"ஒட்டு" என்றேன்.

"எதுக்கு ஒட்டு?"

"ஐஸ் சீவும்போது கத்தி பட்டுடுச்சு. ஸ்ஸுன்னு சத்தம் வந்துச்சு." சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. "கேஸு அந்த உருண்டையிலதானே இருக்கும்?"

"அது மோட்டாரு ஆயா. கேஸு ஃபிரிட்ஜு முழுக்க சுத்தும். இந்தத் தகட்டுக்குள்ளயும்தான்."

காயலான் கடைக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஓட்டைய நீ போட்டுட்டு, என்னத் தடுத்துத் திருப்பி அனுப்பினியே ஆயா!"

பாயம்மா எனக்காகப் பேசுவாள் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

சிரிப்பு அடங்கும் வரை நின்றிருந்துவிட்டுக் கேட்டேன். "அப்ப அது மேல போயிடுச்சாப்பா?"

"கிளம்பிடுச்சு ஆயா. போய்ச் சேர சில வருஷம் ஆகும்." என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது போல. "ஒரு ஃபிரிட்ஜு கேஸு கம்மிதான். உலகம் பூரா நிறுத்தினதால ஓட்டை மெல்ல அடைஞ்சிக்கிட்டு வருதாம். கவலப்படாதீங்க."

அன்றைக்கே மகனிடம் போனில் சொல்லிவிட்டேன். கத்தியை இனி ஐஸில் வைக்க மாட்டேன் என்றும் சொன்னேன். புது ஃபிரிட்ஜில் ஐஸே கட்டாதும்மா என்றான்.

இப்போதெல்லாம் துணி காயப்போட மாடிக்குப் போனால் ஒருமுறை மேலே பார்க்கிறேன். கலங்கல் மாதிரி ஏதாவது தெரியுமா என்று. தெரியவில்லை. போய்ச் சேரச் சில வருஷம் என்றால், அது முன்னால் போகுமா, நான் முன்னால் போவேனா என்பதே சந்தேகம். நான் முந்திக்கொண்டால் வழியிலேயே அதைப் பார்த்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடலாம். மூன்று நாள் தயங்குவேன், அவ்வளவுதான்.

மெக்கானிக் சொன்னதை என் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன். பன்னெண்டுதானா, வேறு நம்பரா, குளோரின் ஓசோனைத் தின்னும் என்று சொன்னது சரிதானா, படித்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திக் கொடுங்கள். ஓட்டை அடைந்து வருகிறது என்று அவர் சொன்னதை மட்டும் இரண்டு தடவை பார்த்துச் சொல்லுங்கள். அது எனக்கு ஆறுதலாகச் சொன்னதா, நிஜம்தானா என்று தெரிய வேண்டும்.