ஒட்டிக்கொண்ட எழுத்து

பேரன் நார்வேயிலிருந்து கொண்டுவந்த மிட்டாய் டப்பாவில் æ என்ற எழுத்தைப் பார்த்ததும், ஜலகண்டாபுரத்தில் எங்கள் தெருவில் குடியிருந்த டென்மார்க் நர்சம்மாவின் நினைவு வந்தது.

அவருடைய மருந்துப் பெட்டியில் பெயிண்டால் எழுதியிருந்த பெயரிலும் ஆங்கில ஏயும் ஈயும் இப்படித்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். அது ஜெர்மன்காரர்களின் ரகசியக் குறி என்று யுத்தகாலத்தில் யாரோ கிளப்பிவிட, மருந்துக்கு அவரிடம் போவதையே தெரு நிறுத்திவிட்டது. தறி நெய்த என் அப்பாவும் அதை நம்பினார்.

அம்மாவின் பிரசவத்தில் மருத்துவச்சி கைவிரித்துவிட, வேறு வழியில்லாமல் அப்பாவே போய் நர்சம்மாவை அழைத்துவந்தார். அப்போதும் அவர் கண் பெட்டியிலேயே இருந்தது. நர்சம்மா அதைக் கவனித்துவிட்டார்.

"இது எங்க ஊர் எழுத்துங்க. நார்வேயிலயும் ஐஸ்லாந்துலயும் இருக்குது. பழைய இங்கிலீஷ்லகூட இருந்துச்சு. ஜெர்மன்காரங்க இப்படி எழுத மாட்டாங்க. ஏ மேல ரெண்டு புள்ளி வெப்பாங்க."

"அந்தப் புள்ளிய நீங்களே அழிச்சிருக்கலாமுங்களே," என்றார் அப்பா.

நர்சம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். தம்பி பிறந்தான். அம்மாவும் பிழைத்தாள்.

அடுத்த வாரம், அந்தப் புரளியைக் கேட்டு, நர்சம்மாவைக் கூட்டிப்போக ஒரு போலீஸ்காரர் வந்தார். அப்பா வழியை மறித்து நின்றார்.

"எனக்கும் சந்தேகந்தானுங்க. ஆனா எம் பொண்டாட்டிக்கு இன்னும் காய்ச்சல் உடலீங்க. உட்டப்புறம் வந்து கூட்டிட்டுப் போங்க."

போலீஸ்காரர் திரும்பிப் போனார். அம்மாவுக்குக் காய்ச்சல் சீக்கிரமே விட்டுவிட்டது. அப்பாதான் அதைக் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.