மேடையில் நான் வைத்த மாத்திரை அட்டை

என் வீட்டுக்காரர் சாகக் கிடந்தார். அதற்குக் காரணம் வியாதி இல்லை, நான். இதை எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமென்றால் இங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

என் பெயர் எஸ்தர். செஞ்சியில் கோட்டைக்குப் போகிற ரோட்டில் குடியிருக்கிறோம். வீட்டுக்காரர் செல்வராஜ், நெல் கமிட்டியில், அதாவது நெல்லை ஏலம் விடுகிற விற்பனைக் கூடத்தில், மூட்டை தூக்கினவர். ஒரு காலத்தில் கூலி வாங்கியதும் கால் தானாக ஒயின்ஷாப்புக்குப் போகும். அவரைத் திருப்பியது எங்கள் ஊழியக்கார ஐயா. தொண்டூர்ப் பக்கம் பிறந்தவர். லாரி கிளீனராக இருந்து, குடித்துக் கெட்டு, பிறகு இரட்சிக்கப்பட்டவர். சைக்கிள் கேரியரில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் கமிட்டி வாசலில் வந்து நிற்பார். "நான் குடிச்ச குடிய நீங்க எவனும் குடிச்சிருக்க மாட்டீங்கடா" என்றுதான் பிரசங்கத்தை ஆரம்பிப்பார். லோடுக்குக் காத்திருக்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் ஏழெட்டுப் பேர் இன்றைக்கு எங்கள் சபையில் இருக்கிறார்கள்.

ஐயாவின் எழுப்புதல் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. விடுதலை கிடைத்தவர்கள், தங்களைக் கட்டிப்போட்டிருந்ததைக் கொண்டுவந்து மேடை ஓரத்தில் வைத்துவிட வேண்டும். பீடிக்கட்டு, சீட்டுக்கட்டு, பாதி பாட்டில் என்று குவிந்து கிடக்கும்.

என் வீட்டுக்காரருக்குக் குடி போய்விட்டது, வலிப்பு போகவில்லை. தினம் இரண்டு வேளை மாத்திரை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆனி மாசக் கூட்டத்தில் ஐயா அவர் தலையில் கை வைத்து ஜெபித்தார். உடம்பெல்லாம் லேசாக இருக்கிறது என்றார் வீட்டுக்காரர். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் சட்டைப் பையில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு ஓடி, பீடிக்கட்டுகளுக்கு நடுவில் வைத்தேன். மைக்கை வாங்கி, வலிப்பு போய்விட்டது என்று சாட்சியும் சொல்லிவிட்டேன். கூட்டமே அல்லேலூயா சொன்னது.

மறுநாள் ஐயா அந்த அட்டையோடு வீட்டுக்கு வந்தார். இது உங்களுடையதா, மாத்திரையை நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டார். ஐயாவே இப்படிச் சந்தேகப்படலாமா என்று எனக்குக் கோபம். ஊரெல்லாம் என் விசுவாசத்தைப் பேசிக்கொண்டிருந்தபோது கீழே இறங்க மனசும் வரவில்லை. எங்களுடையது இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அட்டையைப் பைபிள் உறைக்குள் சொருகிக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் நான் மாத்திரையே வாங்கவில்லை, வீட்டுக்காரரும் கேட்கவில்லை. சில மாசம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு சாப்பிடும்போது வீட்டுக்காரருக்குக் கை வெட்டி இழுக்க ஆரம்பித்தது. பூனை கண்ணை மூடிக்கொண்ட கதையாக நான் இருந்தேன். மார்கழியில் ஐயாவுக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போனது. சபையே போய்ப் பார்த்தது. நான் மட்டும் போகவில்லை.

தை மாசம், கமிட்டி நிறைய நெல் குவிந்திருந்த நாளில், தோளில் மூட்டையோடு என் வீட்டுக்காரர் விழுந்தார். வலிப்பு நிற்கவே இல்லை. விழுப்புரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டரம்மா கேட்டார், மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா என்று. போடுகிறார் என்றேன். அங்கேயும் பொய். மாத்திரை போட்டும் வருகிறதென்றால் மூளையில் வேறு ஏதோ இருக்கிறது என்று ஸ்கேன் எடுத்தார்கள். சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்று பேசினார்கள். இரண்டு நாள் அவர் கண் திறக்கவில்லை. நான் வராந்தாவில் உட்கார்ந்து ஜெபித்தேன்.

ஐயாவின் கைக்குட்டையையாவது வாங்கி வந்து வீட்டுக்காரர் மேல் போட்டால் சுகமாகும் என்று செஞ்சிக்கு பஸ் ஏறினேன். ஐயா கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தார். எத்தனையோ பேர் தலையைத் தொட்ட அந்த வலது கை மெத்தை மேல் அசையாமல் கிடந்தது. அவருடைய சம்சாரம், நாங்கள் அம்மா என்று கூப்பிடுகிறவர், அவருக்கு மாத்திரை ஊட்டிக்கொண்டிருந்தார். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

ஐயா ஏதோ முனகினார். இடது கையால் பைபிளைக் காட்டினார். அம்மா எடுத்துக் கொடுத்தார். ஐயா உறைக்குள் விரலை விட்டுத் தடவி, அந்த அட்டையை எடுத்து என் கையில் வைத்தார். ஏழு மாசமாக அது அங்கேயே இருந்திருக்கிறது.

"இவரு பிரஷர் மாத்திரைய போட்டுக்கினுதான்டி இத்தினி வருஷமா ஊருக்கு ஜெபம் பண்ணாரு," என்றார் அம்மா. "நீ இன்னா, இவரவிட பெரிய விசுவாசியா?"

ஐயாவால் ஜெபிக்க முடியவில்லை. உதடு மட்டும் துடித்தது, கண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது. கைக்குட்டை கேட்க எனக்கு வாய் வரவில்லை. திரும்புகிற பஸ்ஸில் நானே ஜெபித்தேன். வீட்டுக்காரரைப் பிழைக்க வை என்று கூடக் கேட்கவில்லை. ஆண்டவரே, உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் கொடு என்றுதான் கேட்டேன்.

கொடுத்தார். நேராக டாக்டரம்மாவிடம் போய் அட்டையை நீட்டி, ஏழு மாசமாக நிறுத்திவிட்டோம், நான்தான் நிறுத்தினேன் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே அம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு, சிகிச்சையை மாற்றி எழுதினார். மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்து, "டீ இருக்குதா" என்று கேட்டார். நான் வராந்தாவுக்கு ஓடிப்போய் அழுதேன்.

இப்போது அவர் மூட்டை தூக்குவதில்லை, கமிட்டியில் சாக்கு தைக்கிறார். சாயங்காலம் போய் ஐயாவைக் குளிப்பாட்டிவிட்டு வருகிறார். ஐயாவுக்காகச் சபையே உபவாசம் இருக்கிறது. இன்னும் பேச்சு வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. கர்த்தரிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது படுத்திருக்கலாம். கர்த்தரை நம்பி ஜெபியுங்கள், மாத்திரையையும் கொடுங்கள். மறைத்து வைத்தது ஏதாவது இருந்தால் அதை முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள். கையாலாகாமல் நிற்கிறவர்களை அவர் தள்ளுகிறதில்லை. என்னையே தள்ளவில்லையே.

இந்த வருஷக் கூட்டத்துக்கு ஐயாவை நாற்காலியில் தூக்கி வந்து மேடை ஓரத்தில் உட்கார வைத்தார்கள். நான் ஏறி மைக்கை வாங்கி, அன்றைக்குச் சொன்னது பொய் என்று சொன்னேன். இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். அல்லேலூயா சத்தமே இல்லை. இறங்கும்போது ஐயாவின் நாற்காலி முன்னால் முழங்கால் போட்டேன். அவர் இடது கையை மெதுவாகத் தூக்கி, என் தலையில் வைத்தார்.