செத்தவள் கொண்டுவந்த செடி

தன் கருமாதி முடிந்து இரண்டு மாதம் கழித்து அக்கரப்பத்தனை பஸ்ஸில் வந்து இறங்கிய ஆள், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பூரணி ஒருத்திதான். ஏழு வருடம் முன்பு ஓமானுக்கு வீட்டு வேலைக்குப் போனவள். அந்த வீட்டம்மா போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டதில் கடைசி இரண்டு வருடம் தகவலே இல்லை. செத்துப்போனாள் என்று யாரோ சொல்ல, புருசன் சின்னத்தம்பி படத்துக்கு மாலை போட்டு, ஊரைக் கூட்டிக் காரியத்தை முடித்துவிட்டான். அதே லயத்து வரிசையில் அடுத்த காம்பராவில் குடியிருக்கும் நான் பந்தியில் இரண்டு தடவை கேட்டு வாங்கித் தின்றேன். பொய் சொல்வானேன், கறி நன்றாகத்தான் இருந்தது.

வந்தவள் அழவில்லை, சண்டை போடவில்லை. சுவரில் மாலையோடு தொங்கிய தன்னைப் பார்த்து, "போட்டோ நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தாள். பிறகு பையைத் திறந்தாள். தங்கம் வரும் என்று நாங்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்க, துண்டில் சுற்றிய ஒரு செடி வந்தது. அடிப்பக்கம் கிழங்கு மாதிரி வீங்கியிருந்தது. பாலைவன ரோஜாவாம்.

"அங்க மலையில பாறை இடுக்குல நிக்கும்" என்றாள். "மாசக்கணக்கா மழை இருக்காது. வயித்துல தண்ணிய ரொப்பி வச்சிக்கிட்டு, எலையெல்லாம் கொட்டிட்டு மொட்டையா நிக்கும். வெறுங்கொம்புலயே பூக்கும். பால் விஷம், ஆடுகூட வாய் வைக்காது. அந்த வீட்டுப் புள்ளைங்கள வெளிய கூட்டிப் போறப்ப, நான் அது பக்கத்துலதான் குந்திக்கிட்டு இருப்பேன்."

அப்பேர்ப்பட்ட செடிக்கு வாய்த்த ஊரைப் பாருங்கள். எங்கள் பக்கம் துவைத்த சட்டை காய நாலு நாள் ஆகும். அடுப்புக்கு மேலே, ஜன்னலோரம், எண்ணெய்த் தகரத்தில் மணலும் சரளைக்கல்லும் போட்டு நட்டாள். தண்ணீர் ஊற்றப் போனவர்களுக்கு அகப்பைக் காம்பால் அடி விழுந்தது. முதல் ஐந்து வருடம் அவள் அனுப்பிய சம்பளம் கூரையாகவும் டிவியாகவும் மாறியிருந்தது. அவள் தனக்கென்று கொண்டுவந்தது இது ஒன்றுதான்.

மார்கழிக் குளிரில் இலை முழுக்க உதிர்ந்தது. ஒருநாள் மத்தியானம் அவள் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும்போது, சின்னத்தம்பி செடியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு வாய்க்கால் ஓரம் நின்றான்.

"செத்துப்போச்சு புள்ள. வீசிடுறேன்."

பூரணி கூடையை இறக்கக்கூட இல்லை. செடியைப் பறித்து, தண்டை நகத்தால் சுரண்டினாள். உள்ளே பச்சை. பால் துளிர்த்தது. அதை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். வந்ததிலிருந்து எட்டு மாதம் அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் வெடித்தது.

"முப்பது வருசமா கவ்வாத்து வெட்டுற ஆளுதானே நீங்க? தேயிலைய மொட்டக் கொம்பா வெட்டிப் போட்டுட்டு, தளிரும் தளிரும்னு மூணு மாசம் பாத்துக்கிட்டு நிப்பீங்க. எனக்கு மட்டும் நிக்க முடியலையா?"

லயமே வாசலுக்கு வந்துவிட்டது. அன்று பந்தியில் கேட்டு வாங்கித் தின்றதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

சின்னத்தம்பி படியில் உட்கார்ந்து, சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். "தேயிலை தளிரும்னு எனக்குத் தெரியும் பூரணி. நீ வருவேன்னு ஒருத்தரும் சொல்லலையே."

"நான் சொன்னேனே" என்றாள் அவள். "'போயிட்டு வர்றேன்'னு சொல்லிட்டுத்தானே போனேன்."