பெயர் சேர்த்தல், பெயர் நீக்கல்

அண்ணி வந்த மூன்றாம் நாள் அம்மா பீரோவைத் திறந்து குடும்ப அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"பேர சேத்துடு."

புதுச்சேரியில், வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தில், கரும்பும் நெல்லும் போடுகிற ஊர் எங்களுடையது. இங்கே ஒரு பெண் கல்யாணமாகி வந்தால், பிறந்த வீட்டு அட்டையில் பெயர் நீக்கிய சான்றைக் கையோடு கொண்டு வருவாள். அதை வைத்து இந்த வீட்டு அட்டையில் பெயர் சேர்ப்பார்கள். ரேஷன் கடை பல வருஷம் மூடிக் கிடந்தபோதும் இந்தப் பழக்கம் மட்டும் நிற்கவில்லை. தாலி கட்டியவுடன் சொந்தக்காரர்கள் கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று, பெயர் சேர்த்தாயிற்றா என்பது. அட்டையில் பெயர் ஏறினால்தான் மருமகள் வீட்டுக்கு வந்ததாகக் கணக்கு.

அண்ணியிடம் அந்தச் சான்று இல்லை. அண்ணி மலேசியாக்காரர்.

அண்ணன் அங்கே எட்டு வருஷம் வெல்டராக இருந்தான். பெர்மிட் முடிந்து ஊருக்குத் திரும்பியதும், அண்ணி பின்னாலேயே வந்து எங்கள் ஊர்க் கோயிலில் தாலி கட்டிக்கொண்டார். திருமணத்தைப் பதிவும் செய்தோம். மூன்று வாரம் இருந்துவிட்டு, அங்கே பார்த்த வேலையை முறைப்படி விட்டு வருவதற்காகத் திரும்பிப் போனார். மறுபடி வந்தபோது வயிற்றில் ஐந்து மாதம். கையில் இருந்தது சுற்றுலா விசா. அதில் தொண்ணூறு நாள் தங்கலாம். அதற்குள் விசாவை மாற்றிக்கொள்ளலாம், எல்லாம் தங்கச்சி பார்த்துக்கொள்வாள் என்று அண்ணன் சொல்லியிருந்தான்.

பார்த்துக்கொள்வேன் என்றுதான் நானும் நினைத்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் பி.காம். சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில், ஆட்களின் வருகைக் கணக்கு பார்க்கிற டைம் ஆபீசில் வேலை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிற ஆட்களுக்கு இ.எஸ்.ஐ., பி.எஃப். படிவங்களை நான்தான் நிரப்புகிறேன். எங்கள் தெருவில் யாருக்கு முதியோர் பென்ஷன் என்றாலும், வங்கிக் கணக்கு என்றாலும், பேனாவோடு என் வீட்டுக்குத்தான் வருவார்கள். அந்தப் பெருமையை நான் மறைத்ததில்லை.

அண்ணி வந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் அதிகம் என்றார்கள். நர்ஸ் நாடு எது என்றெல்லாம் கேட்கவில்லை. மாத்திரை கொடுத்து, வாரம் ஒருமுறை வரச் சொன்னார். ஆனால் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குழந்தை முன்கூட்டியே பிறக்கலாம், இன்குபேட்டர் தேவைப்படலாம், அரசு ஆஸ்பத்திரியில் அன்றைக்கு இடம் இல்லையென்றால் தனியாருக்குத்தான் போகவேண்டும் என்றார்.

"இன்ஷூரன்ஸ் கார்டு வச்சிருக்கீங்க இல்ல?"

இல்லை. என் இ.எஸ்.ஐ.யில் அம்மாவைச் சேர்த்திருக்கிறேன், அண்ணன் மனைவியைச் சேர்க்க வழியில்லை. அண்ணன் வேலை பார்ப்பது மதகடிப்பட்டில் இரண்டு பேர் இருக்கும் வெல்டிங் பட்டறை, அங்கே இ.எஸ்.ஐ. கிடையாது. அண்ணி மலேசியாவில் எடுத்து வந்த பயணக் காப்பீட்டின் சின்ன எழுத்துக்களைப் படித்தேன். கர்ப்பம் சம்பந்தப்பட்ட எதற்கும் பொருந்தாது என்று இருந்தது. மிச்சம் இருந்தது அரசுக் காப்பீடு. அதற்கு வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தருகிற சிவப்பு அட்டை, எங்களுடையது, வேண்டும், அதில் பெயர் வேண்டும்.

அம்மாவுக்குப் பழக்கம். எனக்குக் காப்பீடு. இரண்டுக்கும் ஒரே படிவம் போதும் என்று தோன்றியது.

அன்று மாலையே நிரப்பினேன். குடும்பத் தலைவர், உறவு முறை எல்லாம் எழுதினேன். 'வேறு குடும்ப அட்டை எதிலும் பெயர் இல்லை' என்ற இடத்தில் டிக் போட்டேன். அது உண்மை. அடுத்த வரி, 'இந்தியக் குடியுரிமை உடையவர்'. அதிலும் டிக் போட்டேன். கல்யாணப் பதிவுச் சான்றின் இரண்டாம் பக்கத்தில் அண்ணியின் மலேசிய முகவரி இருந்தது. நான் முதல் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்தேன். மறந்தேனா, வேண்டுமென்றே செய்தேனா என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆதார் பின்னர் தரப்படும் என்று எழுதினேன். அண்ணியைக் கூப்பிட்டு, விரலால் இடத்தைக் காட்டி, "இங்க ஒரு கையெழுத்து போடுங்க அண்ணி" என்றேன். போட்டார். குடிமைப் பொருள் அலுவலகத்தில் பெரிதாகப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு ஒப்புகைச் சீட்டைக் கொடுத்தார்கள்.

ஒரு மாதம் கழித்து விசா வேலையைத் தொடங்கினேன். வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு இணையத்தில் விண்ணப்பம், அண்ணனின் உறுதிமொழி, சான்றிதழ் நகல்கள். அப்போதுதான் விதிகளை ஒழுங்காகப் படித்தேன். குழந்தை பிறக்கிற நாளில் தாய் இங்கே சட்டப்படி தங்கியிருக்கவேண்டும். விசா காலாவதியாகி இருந்தால், தகப்பன் இந்தியனாக இருந்தாலும் குழந்தையின் குடியுரிமை சிக்கலாகிவிடும். அண்ணியின் தொண்ணூறாம் நாள் எட்டாம் மாதத்தில் வந்தது.

விண்ணப்பத்தில் தங்கும் இடத்துக்கு ஆதாரம் கேட்டது. அண்ணன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "நம்ம ரேஷன் கார்டையே போடு" என்றான். கோப்பைத் திறந்தேன். அட்டைக்கு மேல் அந்த ஒப்புகைச் சீட்டு இருந்தது.

அந்தச் சீட்டில் அண்ணி இந்தியக் குடிமகள். கணினித் திரையில், இந்தியாவில் தங்க அனுமதி கேட்கும் வெளிநாட்டவர். இரண்டையும் எழுதியவள் நான். ஒரே வீட்டு முகவரி, ஒரே பெயர், ஒரு மாத இடைவெளி.

"இன்னாச்சு? கரண்டு போயிடுச்சா? அப்பிடியே நிக்கற" என்றான் அண்ணன்.

சொன்னேன். அவனுக்குப் பாதிதான் புரிந்தது. "யாரு ரெண்டையும் ஒத்துப் பாக்கப் போறான்?" என்றான். நான் டைம் ஆபீசில் இருப்பவள். ஒத்துப் பார்ப்பதுதான் என் வேலை. ஒரு ஆளுக்கு இரண்டு பதிவுகள் இருந்தால் மூன்று வருஷம் கழித்தாவது ஒன்று மேலே வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அதுவும் விசாவுக்குக் காவல் நிலையத்திலிருந்து ஆள் விசாரிக்க வருவார். அட்டைக்குக் குடிமைப் பொருள் அலுவலகத்திலிருந்து ஆள் விசாரிக்க வருவார். இரண்டு பேரும் எங்கள் தெருவில்தான் கேட்பார்கள்.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அண்ணி என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். ஒப்புகைச் சீட்டையும் படிவத்தின் நகலையும் வாங்கி மெதுவாக, உதடு அசையப் படித்தார்.

"உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா?"

"ஆறு வருஷம் தமிழ்ப் பள்ளி லா. இந்த வரிய அன்னைக்கே நான் படிச்சிருந்தா சொல்லியிருப்பேன், தங்கச்சி. நீ கையெழுத்து எங்கன்னு மட்டுந்தான் காட்டின."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால் எனக்கு இன்னும் கூசியது. படித்தவள் என்ற நினைப்பில், எதிரே இருப்பவருக்குப் படிக்கத் தெரியுமா என்றே நான் கேட்கவில்லை.

"இப்ப இன்னா பண்றது அண்ணி? இத எடுத்துட்டா இன்ஷூரன்ஸ் கெடைக்காது."

"எடுக்காட்டி?"

"உங்கள அனுப்பிட்டாங்கன்னா..."

அவர் வயிற்றின் மேல் காகிதத்தை வைத்து மடித்தார். "அப்ப எடுத்துரு."

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டுக் குடிமைப் பொருள் அலுவலகம் போனேன். பிரிவு அதிகாரி ஒரு அம்மா, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருப்பவர். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

"இது ஒப்புதலுக்குப் போயிடுச்சே. நேத்துதான் அனுப்பினோம்."

ஒப்புகைச் சீட்டை அவர் மேசைமேல் வைத்தேன். "திருப்பி வாங்க முடியாதுங்களா, மேடம்?"

"நீ இன்னா படிச்சிருக்க?"

"பி.காம்."

"எங்க வேல?"

சொன்னேன்.

"டைம் ஆபீசா! அப்ப தெரிஞ்சுதானே டிக் போட்ட? படிக்காதவங்க போட்டா பாவம்னு வுடலாம்."

பக்கத்து மேசைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். வரிசையில் எனக்குப் பின்னால் எங்கள் தெருக்காரர் ஒருவர் நின்றார். போன மாதம் அவருடைய பென்ஷன் படிவத்தை நிரப்பிக் கொடுத்தது நான்தான்.

அந்த அம்மா ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளினார். "எழுது. விண்ணப்பத்த நிரப்பினது யாரு, எந்த வரி தப்பு, ஏன் வாபஸ் வாங்கற, எல்லாம் எழுது. அவங்க கையெழுத்து, உன் கையெழுத்து ரெண்டும் வேணும். மேல அனுப்பறேன். அங்க இன்னா சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாது."

எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். 'மேற்படி படிவத்தை நிரப்பியவள் நானே' என்ற ஒரு வரியை எழுத அன்று மூன்று தாள் ஆயிற்று. வீட்டுக்கு வந்து அண்ணியிடம் கொடுத்தேன். அவர் முழுக்கப் படித்த பிறகு கையெழுத்துப் போட்டார். அலுவலகம் மூடுவதற்குள் திரும்பப் போய்க் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினேன்.

அம்மாவிடம் சொன்னதுதான் இதைவிடக் கஷ்டம்.

"சேத்த பேர எடுத்துட்டு வந்தியா?"

"இன்னும் சேக்கலம்மா. அதுக்குள்ள..."

"ஒரு வூட்டுல பேர எப்ப எடுப்பாங்க தெரியுமாடி? ஒன்னு, பொண்ணு கட்டிக் குடுத்துட்டா. இல்ல, செத்துட்டா. வயித்துப் புள்ளக்காரி பேர எடுத்துட்டு வந்து நிக்கறா, படிச்சவ."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தட்டை வைக்கும்போது மட்டும் சத்தம் கேட்கும்.

அதன் பிறகு காத்திருந்தோம். வேலையில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாலும் ஒரு மணிக்கு இரண்டு முறை மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பேன். விசா விண்ணப்பம் 'பரிசீலனையில்' என்றே இருந்தது. வாபஸ் கடிதத்துக்குப் பதில் இல்லை. சுகாதார நிலையத்தில் அண்ணியின் பிரஷர் ஒரு வாரம் குறையும், மறு வாரம் ஏறும். எண்பதாவது நாள், எண்பத்தோராவது நாள் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

எண்பத்து மூன்றாம் நாள் காவல் நிலையத்திலிருந்து ஏட்டு வந்தார். அண்ணியின் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். அண்ணனைக் கேட்டார், அம்மாவைக் கேட்டார். பிறகு பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சாட்சிக்கு வேண்டும் என்றார். எதிர் வீட்டு அத்தை கூப்பிடுவதற்கு முன்பே வந்து நின்றார்.

"நல்ல பொண்ணுங்க சார். நம்ம ஊரு பொண்ணு மாதிரியே. ரேஷன் கார்டுல பேருகூட சேத்துட்டாங்கோ."

அண்ணனின் கை கதவு நிலையைப் பிடித்ததைப் பார்த்தேன்.

ஏட்டு பேனாவை நிறுத்தினார். "இன்னாம்மா, பேர் சேத்துருக்கீங்களா?"

"விண்ணப்பம் குடுத்தோம் சார். தப்புன்னு தெரிஞ்சு வாபஸ் வாங்கிட்டோம்." முத்திரை போட்ட நகலை நீட்டினேன். என் எழுத்தையே அவர் மெதுவாகப் படித்துக்கொண்டிருந்தார். 'நிரப்பியவள் நானே' என்ற இடத்தில் கண் நின்றது போல எனக்குத் தோன்றியது.

"நீங்களா எழுதுனது?"

"ஆமா சார்."

"கையெழுத்து நல்லா இருக்கு" என்றார். நகலைத் தன் கோப்பில் வைத்துக்கொண்டார். "இதையும் சேத்து அனுப்பிடறேன்." நல்லதற்கா கெட்டதற்கா என்று சொல்லாமலே வண்டியில் ஏறிப் போனார். அண்ணி அவருக்காகப் போட்ட டீ அப்படியே இருந்தது. அத்தை அதை எடுத்துக் குடித்துவிட்டு, "நான் இன்னா தப்பா சொல்லிட்டேன்?" என்று கேட்டார்.

எண்பத்தெட்டாம் நாள் மதியம், ஷிப்ட் மாறுகிற நேரத்தில் மின்னஞ்சல் வந்தது. இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை, தேதியை மட்டும் படித்தேன். ஒரு வருஷத்துக்கு அனுமதி, இந்தியரின் மனைவி என்ற வகையில். அண்ணனுக்கு போன் போட்டேன். அவன் கேட்டது ஒன்றுதான். "இன்ஷூரன்ஸ்?"

"அது இல்ல."

பிரஷர் ஏறியதால் பத்து நாள் கழித்து அண்ணியை அரசு மகப்பேறு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சீட்டுப் போடும் இடத்தில் நாடு என்ற கட்டத்தில் மலேசியா என்று எழுதினேன். ஊழியர் நிமிர்ந்து பார்த்தார். பாஸ்போர்ட்டையும் அனுமதி நகலையும் வாங்கி, தேதியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு உள்ளே அனுப்பினார். இன்குபேட்டரில் இடம் இருக்குமா என்று கேட்டதற்கு, பிறக்கட்டும் பார்க்கலாம் என்றார்.

வெளியே பெஞ்சில் நானும் அம்மாவும். அண்ணன் மாத்திரை வாங்கப் போயிருந்தான். அம்மா என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"அவ பேர எப்பதான் கார்டுல சேக்கலாம்?"

"அவங்க இந்தியக் குடியுரிமை வாங்கணும்மா. அதுக்கு விண்ணப்பம் போடறதுக்கே ஏழு வருஷம் இங்க இருக்கணும்."

"புள்ள பேரு?"

"அது பொறந்ததுமே சேக்கலாம்."

அம்மா விரலை மடித்து எண்ணினாள். "ஏழு வருஷம்னா புள்ள ரெண்டாங்கிளாஸ் போயிடும்."

"ஆமா."

"அப்ப அதையே எழுதச் சொல்லலாம். நீ எழுத வேணாம்."

நான் சிரிப்பதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் கதவு பாதி திறந்தது. நர்ஸ் கையில் சீட்டோடு எட்டிப் பார்த்து, "மலேசியா கூட வந்தவங்க யாரு?" என்று கூப்பிட்டார்.

அம்மாதான் முதலில் எழுந்தாள்.