நிலாவரை காயும் கோயில்

1995, தை மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது மணிக்குத் திருநெல்வேலியில் இறங்கினேன். மதுரையிலிருந்து பேருந்துக் கட்டணம் இருபத்திரண்டு ரூபாய். இறங்கியதும் காப்பி குடித்தேன். பிறகு களக்காடு வண்டி எங்கே நிற்கும் என்று விசாரித்தேன். டவுணுக்குப் போய் நெல்லையப்பரைப் பார்க்காமல் போகிறாளே என்று காப்பிக்கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார், செடி காத்திருக்காது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

திண்டுக்கல்லில் எங்களுக்கு நாட்டு மருந்துக் கடை. நிலாவரைப் பொடி கேட்டு ஆள் வராத நாளே கிடையாது. ஊரில் பாதிப் பேருக்கு அதைச் சாப்பிட்டால்தான் காலையில் நிம்மதி. சுக்கோடு சேர்த்துச் சாப்பிடுங்கள், இல்லாவிட்டால் வயிற்றைப் பிசையும் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. ஆனால் அந்த இலை செடியில் எப்படி இருக்கும், பூ என்ன நிறம் என்று யாராவது கேட்டிருந்தால் நான் முழித்திருப்பேன். அத்தனை வருடமும் சாக்கில்தான் அதைப் பார்த்திருந்தேன். எங்கள் மாடியில் குடியிருக்கும் நர்ஸ் பெண்ணின் அக்கா எஸ்தர் களக்காட்டுப் பக்கம் நிலாவரை பயிரிடுகிறாள் என்று தெரிந்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

நடத்துநர் சீட்டைக் கிழித்துக்கொண்டே, "களக்காட்டுக்கு ஏழு ரூவா யக்கா. கோயிலுக்கா?" என்றார்.

"இல்லை, நிலாவரைச் செடி பார்க்கப் போகிறேன்."

"அதப் பாக்கதுக்கா இம்புட்டுத் தூரம் வந்திய? தின்னவன்தான் ஓடுவான், நீங்க பாக்கதுக்கே ஓடி வந்திருக்கிய!"

வண்டி முழுக்கச் சிரித்தது. நானும்தான்.

பேட்டையைத் தாண்டியதும் பச்சை தொடங்கியது. பத்தமடையில் இரண்டு பேர் பாய்க்கட்டோடு ஏறினார்கள். வண்டிக்குள் கோரை வாசனை நிறைந்தது. சேரன்மகாதேவி வரை வாழைத் தோட்டங்களுக்கு இடையில் வலப்பக்கம் ஆறு தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. வெயில் பட்ட இடத்தில் வெள்ளையாகவும் நிழலில் கறுப்பாகவும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ துவைத்த சேலையைக் கரையில் நீளமாக விரித்திருந்தார்கள். தூங்கினேனா விழித்திருந்தேனா என்று தெரியாத ஒரு நிலை. வண்டி தெற்கே திரும்பிய பிறகு வயல் குறைந்து செம்மண்ணும் பனையும் வந்தன. மேற்கே மலை கூடவே வந்தது.

களக்காட்டிலிருந்து எஸ்தரின் ஊருக்குப் போக ஆட்டோவுக்கு முப்பது ரூபாய் கேட்டார்கள். இருபத்தைந்துக்கு முடிந்தது. ஊர் எல்லையிலேயே எஸ்தர் நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கைவிரல்கள் பச்சையாக இருந்தன.

"பைய இறங்குங்க யக்கா. வீட்டுக்குப் போவமா, செடியப் பாப்பமா?"

"செடி."

முதலில் கண்ணில் பட்டது மஞ்சள்தான். வயலின் ஒரு ஓரத்தை மட்டும் விதைக்காக விட்டிருந்தாள். அங்கே இடுப்பளவு உயரத்தில் செடிகள் பூத்து நின்றன. ஆவாரம்பூவைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பூவும் அந்நியமாக இருக்காது. இரண்டும் ஒரே குடும்பம். ஐந்து இதழ், அதில் பழுப்பு நரம்பு, கொத்துக்கொத்தாக நிமிர்ந்து நிற்கிறது. ஒரு காம்பில் எதிரெதிரே ஜோடி ஜோடியாக ஒடுங்கிய சிற்றிலைகள், நுனியில் ஒற்றை இலை கிடையாது. நீலம் கலந்த பச்சை. காய் பட்டையாக, உள்ளே விதை இருக்கும் இடமெல்லாம் புடைத்துத் தெரிந்தது. கடையில் கையில் நொறுங்கும் சருகு இதுதானா என்று நம்ப முடியாமல் ஓர் இலையைத் தடவிக்கொண்டே நின்றேன். காற்றில் பூக்கள் லேசாக ஆடின. அங்கிருந்து கிளம்பவே எனக்கு மனசில்லை.

மற்ற இடத்திலெல்லாம் பூ வைக்கும்போதே கிள்ளிவிடுவார்களாம். கிள்ளினால் செடி கிளைத்து இலை நிறையத் தரும். ஐப்பசி மழையில் விதைத்தது. அதற்குப் பிறகு பெரிய தண்ணீர்ச் செலவு இல்லை. ஆடுகூட வாய் வைக்காது.

"ஆட்டுக்குப் புத்தி இருக்கு" என்றேன்.

எஸ்தர் சிரித்தாள். பிறகு வரப்பில் உட்கார்ந்து சொன்னாள். கணவர் பம்பாயில், தாராவியில், ஒரு மளிகைக் கடையில் இருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறை வருவார்.

"ஒரு வருசம் எல போட்டுப் பாக்கேன்னு கேட்டேன் யக்கா. நல்லா வந்துட்டுன்னா இங்கயே வந்துருதேன்னாவ. வரலன்னா நெலத்த வித்துட்டு நானும் அங்க போயிரணும். அந்த ஒத்த ரூம்புல பத்துப் பேரு."

அதைக் கேட்டதிலிருந்து எனக்குப் பூவைவிட இலைமேல்தான் கண் போயிற்று.

வீட்டுக்குப் போனால் காலை வைக்க இடமில்லை. இலையை வெயிலில் போட்டால் வெளுத்துவிடும், குவித்து வைத்தால் சூடேறிக் கறுத்துவிடும், ஈரம் பட்டால் கேட்கவே வேண்டாம். நிழலில் மெல்லிசாகப் பரப்பி, திரும்பத் திரும்பக் கிளறிக் காயவைக்க வேண்டும். அதனால் கூடம், அறை, கட்டில், தையல் மிஷினின் பலகை வரை எல்லாவற்றிலும் இலை. அடுப்படி ஒன்றுதான் மனிதர்களுக்கு. என் படுக்கை வாசல் பந்தலில், கயிற்றுக் கட்டிலில். விருந்தாளியை வெளியே படுக்கவைத்து இலையை உள்ளே படுக்கவைக்கும் வீட்டை நான் முதல்முறையாகப் பார்த்தேன். ஆனால் அந்த மதியம் ஜன்னல் வழியாக வந்த வாசனையில், தேயிலையும் வைக்கோலும் கலந்த மாதிரி ஒரு வாசனை, அப்படியொரு தூக்கம் தூங்கினேன்.

சனிக்கிழமைதான் தப்பு தெரிந்தது. பழகியவர்கள் வயலைப் பங்கு பிரித்து, வீட்டில் ஒரு பங்கு காய்ந்த பிறகே அடுத்ததை உருவுவார்கள். எஸ்தருக்கு அவசரம். கணவர் மனசு மாறுவதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று ஆட்களை வைத்து ஒரே வாரத்தில் அத்தனையையும் உருவிவிட்டாள். வீட்டில் கொள்ளாதது தோட்டத்து ஓலைக் கொட்டகையில் பாதி காய்ந்து கிடந்தது. மத்தியானம் மலையில் மேகம் இறங்கியது.

"தையில மழையா?" என்று எஸ்தர் வானத்தைப் பார்த்துத் திட்டினாள். கொட்டகையின் ஓலை பழசு.

ஊரில் ஒழுகாத பெரிய கூரை ஒன்றே ஒன்றுதான், கோயில். கோயில் என்றுதான் இங்கே கிறிஸ்தவர்களும் தங்கள் ஆலயத்தைச் சொல்கிறார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார், ஐம்பது வயது மனிதர், சாவியோடு ஓடிவந்தார். ஊர்ப் பெண்கள் சேலைகளில் இலையைக் கட்டித் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். முதல் துளி விழுவதற்குள் கோயிலின் தரையெல்லாம், பெஞ்செல்லாம் இலை பரப்பியாயிற்று. பீடத்துப் படிக்கு முன்னால் மட்டும் உபதேசியார் கையை விரித்து மறித்துக்கொண்டார்.

மழை விடிந்தும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் குடைகளோடு ஊர் வந்து வாசலில் நின்றது. வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவருக்குக் கோபம்.

"ஆண்டவர் வீட்டுல பேதி எலையா வே? ஒதுக்கிக் குவிங்க. ஜனம் உள்ள போட்டும்."

"குவிச்சாக் கறுத்துரும் அண்ணாச்சி" என்றாள் எஸ்தர்.

உபதேசியார் உள்ளே ஒருமுறை பார்த்தார், வானத்தை ஒருமுறை பார்த்தார்.

"எலையும் அவரு உண்டாக்குனதுதான? அது நனஞ்சாக் கெட்டுப்போகும். நாம நனஞ்சாக் காஞ்சுக்கிடுவோம். இங்கனயே நின்னு பாடுவோம்" என்றார்.

பெரியவர் முணுமுணுத்தார். ஆனால் போய்விடவில்லை. பக்கத்தில் குடையில்லாமல் நின்ற பெண்ணின் தலைக்குமேல் தன் குடையை நீட்டினார்.

இலையைக் கிளற ஓர் ஆள் வேண்டும். எஸ்தர் ஜெபத்துக்கு நிற்க வேண்டும். "நீங்க போறியளா யக்கா?" என்று கேட்டாள். கால் கழுவித் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். விநாயகருக்குச் சூடம் காட்டாமல் கடை திறக்காதவள் நான். அந்தக் கோயிலுக்குள் அந்தக் காலையில் நான் ஒருத்திதான். அதற்கு உரியவர்கள் எல்லாரும் வெளியே மழையில் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு மழையோடு சேர்ந்து ஜன்னல் வழியாக வந்தது, ஓங்கியது, தேய்ந்தது. வெளிறிய பச்சையில் இலைக்கடல். நான் பெஞ்சு பெஞ்சாகப் போய் இரண்டு கைகளாலும் இலையை அள்ளி மெல்லத் திருப்பிப் போட்டேன். எவ்வளவு நேரம் என்று நினைவில்லை. யாருடைய சாமியிடம் கேட்கிறேன் என்றுகூட யோசிக்காமல், இது கறுக்கக் கூடாது, கறுக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு மனசாரக் கும்பிட்டதில்லை.

திங்களன்று வானம் வெளுத்தது. புதன்கிழமை காலை தூத்துக்குடியிலிருந்து வியாபாரி வந்தார். கோயில் இலையில் ஒரு பிடி எடுத்துக் கையில் நொறுக்கினார், முகர்ந்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நிறம் மஞ்சள் ஓடிய பச்சை. "கப்பலுக்குப் போற எல" என்றார். அவ்வளவுதான்.

அன்று மதியமே நான் கிளம்பினேன். எஸ்தரும் களக்காடு வரை வந்தாள். பேருந்து நிலையத்துக்கு எதிரில் எஸ்டிடி பூத். பம்பாயில் கடைக்காரர் எடுத்துக் கணவரைக் கூப்பிட்டு வரும்வரை ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தவில்லை.

"நாந்தான். எல காஞ்சிட்டு. கறுக்கல. வியாபாரி எடுத்துக்கிட்டாவ" என்றாள். பிறகு கேட்டுக்கொண்டே நின்றாள். என் வண்டிக்கு நடத்துநர் விசில் ஊதினார்.

வெளியே வந்தவள், "வெள்ளிக்கெழம ரயிலேறுதாவளாம் யக்கா. பெட்டியெல்லாம் எடுத்துட்டு" என்றாள். பூத் வாசல்படியிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கூட்டம் வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும்.

வண்டி என்னை விட்டுவிட்டுப் போனது. அடுத்தது எப்போது என்று நான் யாரையும் கேட்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.