என்றென்றும் பேணிக் காக்கும்

"மாணவச் செல்வங்களின் தாகம் தீர்க்க இக்குடிநீர் இயந்திரத்தை வழங்கி, என்றென்றும் பேணிக் காக்கும் பெற்றோர் சங்கம். தலைவி, தாயுள்ளம் கொண்ட தகைசால் பெருந்தகை" என்று தொடங்கி ஒரு பெயரில் முடிகிறது பள்ளித் தாழ்வாரத்து எவர்சில்வர் பலகை. அந்தப் பெயரை யாரும் படித்ததில்லை. பலகை குழந்தைகளின் கண்மட்டத்துக்கு மேலேயும், பெரியவர்களின் அக்கறைக்குக் கீழேயும் இருந்தது. தவிர, எல்லோருக்கும் அவள் லிஃப்டக்கா. சங்கத் தலைவி என்றதும் காதலனுக்காகக் காத்திருந்து மெலிந்த பெண் யாருக்காவது நினைவுக்கு வந்தால் அது படித்ததன் கோளாறு. இவள் நல்ல ஆகிருதி. இவளுக்காகத்தான் மற்றவர்கள் காத்திருப்பார்கள்.

லிஃப்ட் கம்பெனி ஒன்றின் சர்வீஸ் பிரிவில் அவளுக்கு வேலை. லிஃப்டை விற்பவர்கள் டை கட்டிய வேறு ஆட்கள். விற்ற லிஃப்டை வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குள் இழுத்துப் போடுவதுதான் இவள் பாடு. காலையில் ஹெட்போனை மாட்டினால் அடுக்குமாடிச் செயலாளர்களை ஒவ்வொருவராகப் பிடிப்பாள்.

"வாங்குறது பெரிசில்ல சார். வச்சுக் காப்பாத்துறதுதான் பெரிசு. கயிறு அறுந்தப்புறம் கையெழுத்துப் போட்டு என்ன பிரயோஜனம்?"

அந்தக் கடைசி வாக்கியத்தில் மடங்கிய செயலாளர்கள் ஏராளம். மடங்காதவர்களைப் பற்றி வீட்டில் வந்து பொருமுவாள். "வாங்கிட்டாங்களாம், இனி அது கம்பெனி பாடாம். என்ன ஜென்மங்களோ."

இப்பேர்ப்பட்டவள் சங்கத் தலைவியானதும் பள்ளிக்குத் தண்ணீர் இயந்திரம் வாங்கினாள். கடைக்காரர் தந்த விலைப்புள்ளியில் இயந்திரம் ஒரு வரி, அதற்கான சர்வீஸ் இன்னொரு வரி. "சர்வீஸை விடுங்க. அந்தக் காசுல இன்னும் ரெண்டு குழாய் வச்ச பெரிய மாடலா குடுங்க" என்றது வேறு யாருமில்லை, அவளேதான். காரணம் எளிது. பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு உலகத்தில் யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. அதைச் சொல்லிச் சொல்லித் தொழிலில் நொந்தவளே இங்கே கத்தரிக்கோலைக் கையில் வாங்கினாள்.

பலகை வாசகம்கூட அவள் எழுதியதில்லை. பொறித்துக் கொடுத்தவர், "ஒரு வரி காலியா இருக்கே மேடம், மொட்டையா தெரியும்" என்றார். "நல்லதா எதையாவது போடுங்க" என்றாள். அவர் என்றென்றும் பேணிக் காக்க வைத்துவிட்டார்.

ஒரு வருடம் தண்ணீர் தேனாக வந்தது. அப்புறம் இயந்திரத்தின் நெற்றியில் பச்சையாக எரிந்த சின்ன விளக்கு சிவப்பானது. ஃபில்டரை மாற்று என்று அர்த்தம்.

தலைமையாசிரியர் தயங்கித் தயங்கிப் போன் செய்தார். "மேடம், இது பள்ளிச் சொத்துக் கணக்குல இல்ல, அன்பளிப்பு. இதுக்கு நான் செலவெழுதினா ஆடிட்டுல என் கழுத்தைத்தான் பிடிப்பாங்க."

சங்கத்தின் பொருளாளரான மரக்கடைக்காரர் அதைக் கேட்டுச் சிரித்தார். "பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சு. சோறு போடுறதும் நாமளேன்னா, மாப்பிள்ளை எதுக்கு?"

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இங்கே பல்லையும் யாரும் பார்க்கவில்லை, புல்லையும் யாரும் போடவில்லை.

ஆண்டு விழாவுக்கு முந்தின நாள் ஏற்பாடுகளைப் பார்க்கப் போனவள், ஒரு வாய் பிடித்துக் குடித்தாள். நேற்று நனைந்து காயாத துணியின் வாடை. துப்பிவிட்டாள். சிறப்பு விருந்தினர் அந்த வழியாகத்தான் வருவார். சிவப்பு விளக்கு அவரையே பார்த்தபடி எரிந்துகொண்டிருக்கும். கைப்பையில், புதுச் செருப்பு கடித்த குதிகாலுக்கு என்று பிளாஸ்திரி வைத்திருந்தாள். ஒன்றைப் பிரித்து விளக்கின் மேல் ஒட்டினாள். இயந்திரத்துக்கு நெற்றியில் சின்னக் காயம் பட்டதுபோல இருந்தது. விழா சிறப்பாக நடந்தது.

அந்த வாரமே அதே பள்ளியில் ஐந்தாவது படிக்கும் தன் பையனுக்கு மூடி போட்ட பெரிய பாட்டில் ஒன்று வாங்கினாள். காலையில் அதை நிரப்பும்போது கணவன் எட்டிப் பார்த்தான்.

"அங்கதான் நீ ஆறு குழாய் வச்சுக் குடுத்திருக்கியே. தொரைக்கு மட்டும் என்ன தனிக் கிணறு?"

"அவனுக்குத் தொண்டை ஒத்துக்காது."

"ஓ. தொண்டை" என்றான் அவன். பேப்பரை மடக்கிவிட்டு மேற்கொண்டு கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு உறைத்தது.

பிளாஸ்திரி அங்கேயே இருந்தது. அடுத்த கல்வியாண்டின் சங்கக் கூட்டம் தலைமையாசிரியர் அறையில் கூடியது. பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வழங்குவது பற்றிப் பேச்சு. தலைமையாசிரியர் கைகூப்பினார். "போர்டு ரொம்ப சந்தோஷம். அதோட அந்தத் தண்ணி மெஷினையும் கொஞ்சம்... பேணிக் காக்கும்னு நீங்களே பலகையில போட்டிருக்கீங்க."

"குடுத்த பொருள் பள்ளியோட பொருள் சார். அதைப் பாத்துக்கறது பள்ளியோட பொறுப்பு" என்றாள் லிஃப்டக்கா. சொன்ன பிறகுதான் அந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. ஹெட்போனில் கேட்டது. மடங்காத செயலாளர்களின் குரல்.

அப்போது ஆயாம்மா தட்டில் கண்ணாடி டம்ளர்களோடு உள்ளே வந்தாள். பெயர்தான் ஆயாம்மா, லிஃப்டக்காவைவிட வயதில் சின்னவள். பள்ளியைப் பெருக்குவது, மணி அடிப்பது, அழும் குழந்தைக்கு மூக்குத் துடைப்பது எல்லாம் அவள்.

"பேசிப் பேசி நாக்கு வறண்டிருக்கும். நம்ம மெஷின்லயே ஜில்லுனு பிடிச்சுட்டு வந்தேன்."

மேசையைச் சுற்றி ஐந்து பேர். ஐந்து பேர் முன்னாலும் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஐந்து பாட்டில்கள். அதுவரை அவை வெறும் பாட்டில்களாக இருந்தன. தலைமையாசிரியர் அவற்றை ஒருமுறை பார்த்துவிட்டுக் கூரைக்குக் கண்ணை உயர்த்திக்கொண்டார்.

"எனக்கு ஜில்லுனு ஆகாது. பல் கூச்சம்" என்றார் மரக்கடைக்காரர். அடுத்தவர் இப்போதுதான் குடித்தாராம். இன்னொருவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார், போன் அடிக்கவேயில்லை.

"நீங்களாவது குடிங்கக்கா" என்றாள் ஆயாம்மா. "எம் பொண்ணு வீட்டுல சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டேங்குறா. ஸ்கூல்ல லிஃப்டக்கா தண்ணி இருக்குல்ல, அங்க குடிச்சுக்கறேங்குறா. நாலாவதுதான் படிக்குறா, வாயைப் பாருங்க."

அவள் முகத்தில் குத்தலே இல்லை. இருந்திருந்தால் சமாளித்திருக்கலாம், குத்தலுக்குப் பதில் சொல்லி வளர்ந்த வாய் அது. லிஃப்டக்கா டம்ளரை எடுத்தாள். உதடுவரை கொண்டுபோனாள். உதட்டை இறுக்கி மூடியபடி டம்ளரைச் சாய்த்து, தொண்டையை அசைத்து, கீழே வைத்தாள். ஆனால் ஆயாம்மா காலி டம்ளருக்காகப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். கண்ணாடிக்கு ஒளிக்கத் தெரியாது. தண்ணீர் வந்த அளவிலேயே நின்றது.

ஆயாம்மா டம்ளரைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். "அப்புறமா எடுத்துக்கறேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஸ்மார்ட் போர்டு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. தலைவி எங்கே கையெழுத்துப் போட்டாள் என்பது அவளுக்கே நினைவில்லை.

கூட்டம் முடிந்து தாழ்வாரத்துக்கு வந்தாள். ஆயாம்மா இயந்திரத்தின் அடித்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். லிஃப்டக்கா நகத்தால் பிளாஸ்திரியைச் சுரண்டி எடுத்தாள். உள்ளே விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அந்த இயந்திரத்தில் தன் கடமையைத் தவறாமல் செய்தது அது ஒன்றுதான்.

"இனிமே இதுல யாரும் பிடிக்க வேணாம்."

"ஏங்க்கா?"

"ஃபில்டர் மாத்தல. தண்ணி நல்லால்ல."

"எப்பத்துல இருந்து?"

"போன ஆண்டு விழாவுக்கு முன்னாடியே."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

ஆயாம்மா துணியைப் பிழிந்தாள். மறுபடி நனைத்துப் பிழிந்தாள். "உங்க பையன் பாட்டில் கொண்டுவர்றதைப் பாத்து, வசதியான வீட்டுப் புள்ள, அதான்னு நினைச்சேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பிள்ளைக்கும் வயிறு கெடவில்லை. கெட்டிருந்தால் ஓடியிருக்கலாம், செலவு செய்திருக்கலாம், மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எதுவும் ஆகாத தப்புக்கு எங்கே போய் நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாளே இயந்திரக் கம்பெனி ஆளை வரவழைத்துத் தன் செலவில் சர்வீஸ் எடுத்தாள். வந்த பையன் அட்டையை நீட்டி, "பொறுப்பாளர்னு யாரைப் போடட்டும்? ஸ்கூலா, சங்கமா?" என்று கேட்டான். அவள் தன் பெயரைச் சொன்னாள். "பேருக்கு முன்னாடி ஏதாவது போடணுமா மேடம்?" "வேணாம்."

"பாத்தீங்களா, தலைவின்னா இப்படி இருக்கணும்" என்றார் மரக்கடைக்காரர். தலைமையாசிரியர் அடுத்த ஆண்டு விழா மேடையில் அதையே செந்தமிழில் சொன்னார். கைதட்டினார்கள். அவள் மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினாள்.

விளக்கு இப்போது பச்சையாக எரிகிறது. லிஃப்டக்காவின் பையன் பாட்டில் இல்லாமல் வருகிறான். குழாயில் வாயை வைத்துக் குடித்து டீச்சரிடம் திட்டு வாங்குகிறான். ஆயாம்மாவின் மகள் மட்டும், தண்ணீர் சுத்தமான பிறகும், தினமும் வீட்டிலிருந்து ஒரு பாட்டில் கொண்டுவருகிறாள். லிஃப்டக்கா அதைப் பார்க்கும்போதெல்லாம் வேறு வழியாகச் சுற்றிப் போகிறாள்.

பலகையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தாள். நன்கொடைப் பொருளைச் சேதப்படுத்தத் தனக்கு அதிகாரமில்லை என்றார் தலைமையாசிரியர். ஆகவே அது இருக்கிறது. ஆயாம்மா வாரம் ஒருமுறை துடைக்கிறாள், பளபளக்கிறது. அதில் இல்லாதது இதுதான்: தண்ணீர் கெட்டது தெரிந்தும் அவள் யாரிடமும் சொல்லாமல் விளக்கை மூடிவிட்டு, தன் பையனுக்கு மட்டும் வீட்டுத் தண்ணீர் கொடுத்தனுப்பினாள்.